தமிழ் உளவுக்கதைகளின் முதற்பதிப்பு எது?

1984 ஜூலையில் தமிழ் வாசகருக்கு இரண்டு புதிய படக்கதை இதழ்கள் அறிமுகமாயின. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது ‘அழகியைத் தேடி’. முன்னதன் நாயகி மாடஸ்டி பிளைசி. பின்னதன் நாயகன் ஜேம்ஸ் பாண்ட். இருவரும் இலண்டன் நாளிதழ்களின் படத்தொடர்களிலிருந்து வந்தவர்கள். பாண்ட் 1958 முதல் டெய்லி எக்ஸ்பிரஸிலும், மாடஸ்டி 1963 முதல் ஈவ்னிங் ஸ்டாண்டர்டிலும் நாள்தோறும் மூன்று நான்கு கட்டங்களாக வெளிவந்தனர். பிரித்தானிய உளவுத்துறையின் பணியாளன் ஒருவனும், குற்றக்கும்பலின் தலைமையைத் துறந்து அதே உளவுத்துறைக்கு உதவும் பெண் ஒருத்தியும் ஒரே மாதத்தில் தமிழ் பேசத் தொடங்கினர் என்பது தமிழ் வெகுசன வாசிப்பு வரலாற்றில் குறித்துவைக்கத் தக்க நிகழ்வு.

இவ்விரு இதழ்களையும் பழைய புத்தகக் கடைகளில் தேடுவோர் இன்றும் உள்ளனர். தம் தேடலை அவர்கள் ‘முதற்பதிப்புச் சேகரிப்பு’ என்று அழைப்பதில்லை. ‘ஒரிஜினல் இதழ்’ என்றே சொல்வர். இந்தச் சொல் வேறுபாடு தற்செயலானதன்று. தமிழில் உளவுக்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் முதற்பதிப்பு என்பது எது என்னும் வினாவுக்கு நூலகப் பட்டியல்கள் தரும் விடையைக் காட்டிலும் இச்சேகரிப்பாளர்கள் தரும் விடையே சரியானது. அவ்விடையை ஆய்வுலகம் எடுத்துக்கொள்ளாததால் ஏற்பட்டுவரும் இழப்பு சிறிதன்று.

ஆங்கில உலகில் இவ்வினாவுக்கு நிலைபெற்ற விடை உண்டு. இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் ‘கேசினோ ராயல்’ 1953 ஏப்ரல் 13 அன்று ஜோனதன் கேப் நிறுவன வெளியீடாக வந்தது. முதல் அச்சில் ஐயாயிரத்துக்கும் குறைவான படிகளே அடிக்கப்பட்டன. கெட்டி அட்டையும் அதன்மேல் சுற்றிய தாளுறையும் குலையாதிருக்கும் படியே சேகரிப்பாளர் நாடும் பொருள். எந்த அச்சு முந்தியது, உறையில் எந்த வரி பின்னர் சேர்ந்தது என்பனவற்றை விளக்கும் நூல்விவரப்பட்டியல்கள் அங்கே உண்டு. ஃபிளெமிங் தாமே ஒரு முதற்பதிப்புச் சேகரிப்பாளர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. உலகின் போக்கை மாற்றிய கருத்துகள் முதன்முதலில் அச்சேறிய நூல்களை அவர் 1930களிலிருந்து திரட்டினார். அத்திரட்டு இன்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து லில்லி நூலகத்தில் உள்ளது. ‘தி புக் கலெக்டர்’ என்னும் சேகரிப்பாளர் இதழ் 1952இல் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. எனவே பாண்டின் முதற்பதிப்பைத் தேடுவோர், அதன் ஆசிரியருக்கே பழக்கமான ஒரு மரபின் விதிகளின்படி தேடுகின்றனர்.

அம்மரபு நூலை மையமாகக் கொண்டது. ஜான் பக்கனின் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ 1915இல் முதலில் பிளாக்வுட்ஸ் இதழில் தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. ஆயினும் முதற்பதிப்பு என்று மதிக்கப்படுவது நூலே. இதழ் அதற்கு முன்னுரை போன்றது. தொடருக்கும் நூலுக்கும் இடையே கால இடைவெளி குறைவு, நூல் உறுதியானது, நூலகத்தில் நிற்பது என்பன இவ்வழக்கத்துக்குக் காரணங்கள். தமிழில் இக்காரணங்கள் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவலைப் பரப்பியவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. இவர்களது நாவல்கள் எவ்வாறு அச்சாகின, யார் படித்தனர், கற்றோர் ஏன் அவற்றை இழித்துரைத்தனர் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ ஆராய்ந்துள்ளது. அக்கால நூல்களுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. 1867ஆம் ஆண்டின் அச்சு, நூல்பதிவுச் சட்டத்தின்படி அச்சகத்தார் படிகளை அரசுக்கு அளிக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியான பட்டியல்களில் நூலின் பெயர், அச்சகம், விலை ஆகியவற்றுடன் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் இடம்பெற்றது. ஆகவே 1910ஆம் ஆண்டுத் துப்பறியும் நாவலொன்றின் அச்சு வரலாற்றை எழுதுவது, 1970களின் படக்கதை ஒன்றின் அச்சு வரலாற்றை எழுதுவதைவிட எளிதாக இருக்கக்கூடும்.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வெகுசனக் கதையின் பிறப்பிடம் வார இதழாயிற்று. ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் (1926–1977) படைத்த சங்கர்லால் இதற்குச் சிறந்த சான்று. சங்கர்லால் துப்பறிவாளர், ஆனால் அவர் கதைகள் உள்ளூர்க் கொலை விசாரணையோடு நிற்பதில்லை. ‘டோக்கியோ ரோஜா’ போன்ற தலைப்புகளே காட்டுவதுபோல், அவர் நாடுவிட்டு நாடு சென்று பன்னாட்டுக் குற்றக்கும்பல்களை எதிர்கொள்கிறார். சிக்கல் முற்றும் நேரத்தில் அவர் தேநீர் அருந்துவது அன்றைய சிறுவர் அனைவரும் அறிந்த வழக்கம். இக்கதைகளை இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் மணிமேகலைப் பிரசுரத்தின் நூல்வடிவில், அதுவும் பிற்கால அச்சுகளில் வைத்தே படிக்கின்றனர். வார இறுதியில் கதை எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது, எந்த ஓவியத்தோடு வந்தது, பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது ஆகியன நூலில் இல்லை. கதையின் திருப்பங்கள் வாரந்தோறும் ஏன் அந்தந்த இடத்தில் நிகழ்கின்றன என்பதற்கான விளக்கம் தொடரின் வடிவத்தில்தான் இருக்கிறது.

தொடருக்கும் நூலுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைச் சுஜாதாவின் ஒரு நாவல் காட்டும். 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு அவர் குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்னும் தலைப்பில் மீண்டும் எழுதப்பட்டது. நூலாக நிலைபெற்றது பின்னதே. நின்றுபோன தொடரைப் படிக்க விரும்புவோர் அந்த வாரங்களின் குமுதம் இதழ்களையே தேட வேண்டும். இது உளவுக்கதையன்று, ஆயினும் நூலின் முதற்பக்கத்தில் காணும் ‘முதற்பதிப்பு’ என்னும் சொல்லை நம்பி முன்வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்சூழலில் தமிழ் வாசகர் தாமே ஒரு பதிப்பு வடிவத்தை உருவாக்கிக்கொண்டனர். வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, தொடர் முடிந்ததும் அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து, காலிகோ முதுகு ஒட்டி வைத்துக்கொள்வது பல குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. பதிப்பாளர் பெயரோ பதிப்பு ஆண்டோ இல்லாத இத்தொகுப்புகளே பல கதைகளுக்கு முதல் நூல்வடிவம். நூலக அறிவியலின் பட்டியல் விதிகளில் இவற்றுக்கு உரிய இடமில்லாததால், இவை நூலகத்துக்கு வந்தபோதும் ‘கிழிந்த இதழ்ப் பக்கங்கள்’ என்றே கருதப்பட்டன.

படக்கதைகளில் நிலைமை இன்னும் கூர்மையானது. 1960களின் இறுதியில் தமிழ்த் திரையில் உளவாளி மோகம் பரவியிருந்தது. ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), எம். ஜி. ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ (1968), மீண்டும் ஜெய்சங்கரின் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகியவை அம்மோகத்தின் விளைவுகள். அதற்கு அடுத்து, 1972இல், மு. சௌந்தரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரித்தானியாவின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தோன்றிய ‘தி ஸ்டீல் கிளா’ என்னும் தொடரே அதன் மூலம். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற ஆய்வகப் பணியாளன், மின்சாரம் பாய்ந்தால் அக்கை தவிர முழுதும் மறைந்துபோகிறான். தொடக்கத்தில் குற்றம் புரியும் அவன், பின்னர் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். மாயாவியோடு சி.ஐ.டி. லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகியோரையும் சேர்த்துத் தமிழ் வாசகர் ‘மும்மூர்த்திகள்’ என்று அழைத்தனர். ஜானி நீரோவின் ஆங்கில மூலம், ஃபிளீட்வே நிறுவனம் 1967–68இல் ‘சீக்ரெட் ஏஜென்ட்’ வரிசையில் வெளியிட்ட கையடக்க நூல்கள். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் தொடங்கியதே லயன் காமிக்ஸ்.

இவ்விதழ்கள் மூலத்தின் வெறும் மொழிபெயர்ப்பல்ல. நாளிதழின் கிடைமட்டக் கட்டங்கள் சிறுநூலின் செங்குத்துப் பக்கத்துக்கு ஏற்ப வெட்டி அடுக்கப்பட்டன. ஆங்கில உரையாடல் இருந்த பலூன்களில் அதனினும் அதிக இடம் கோரும் தமிழ் எழுத்து புகுத்தப்பட்டது; இடம் போதாமையால் வசனம் சுருங்கியது. மூலத்தில் குறைவாக உடுத்தியிருந்த பெண்களுக்கு மையால் ஆடை கூட்டப்படுவதும் உண்டு. கதை வாங்கப்பட்டது ஒரு மொழியிலிருந்து எனினும், பக்கம் உருவாக்கப்பட்டது சிவகாசியில். பிற்காலத்தில், குறிப்பாக 2010களில், இக்கதைகள் பெரிய அளவிலும் நல்ல தாளிலும் மறுபதிப்பாயின. அவை வாசிப்பதற்கு இனியவை. ஆனால் 1972இல் ஒரு சிறுவன் கையிலிருந்த பக்கம் அதுவன்று.

அச்சு எண்ணிக்கையோ பதிப்பு விவரமோ பெரிதும் அச்சிடப்படாத இதழ்களில் மூலப்படியையும் மறுபதிப்பையும் சேகரிப்பாளர் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? அட்டையிலுள்ள விலை முதற்சான்று. வெளியீட்டு எண் அடுத்தது. ‘அடுத்த வெளியீடு’ என்னும் அறிவிப்பு வேறோர் இதழோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. வாசகர் கடிதங்களில் எந்த இதழ் பாராட்டப்படுகிறது என்பதைக்கொண்டு வரிசையை உறுதிசெய்வர். உள்ளட்டை விளம்பரத்திலுள்ள பொருளும் அஞ்சல் முகவரியும் காலத்தை நெருக்கித் தரும். லயன் காமிக்ஸில் விஜயன் எழுதிய ‘சிங்கத்தின் சிறு வயதில்’ என்னும் நினைவுத்தொடர், இதழ் உருவான விதத்துக்கு அகச்சான்று. எழுத்து வடிவமும் துணைபுரியும்: தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். துதிக்கை வடிவ ஐகாரத்தையும் பழைய ணா, றா, னா வடிவங்களையும் கொண்ட படி அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா அச்சகங்களும் ஒரே நாளில் எழுத்துகளை மாற்றிவிடவில்லையாதலால், இச்சான்றைத் தனித்து நம்பாமல் பிறவற்றோடு ஒப்பிட்டே பயன்படுத்துவர்.

இம்முறை தமிழ்ப் புலமை உலகுக்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததும் பல படிகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்ததே. ஏட்டுச்சுவடிக்குப் பாடபேதம் உண்டு என்பதை முதுகலை மாணவர் அனைவரும் அறிவர். இருபதாம் நூற்றாண்டின் அச்சுக் கதைக்கும் பாடபேதம் உண்டு என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அச்சு வந்தபின் பாடம் நிலைத்துவிட்டது என்னும் எண்ணமும், வெகுசனக் கதையின் பாடம் எதுவாயிருந்தால் என்ன என்னும் அலட்சியமும் சேர்ந்து இவ்விடைவெளியை உருவாக்கியுள்ளன.

மொழியியல் நோக்கில் இதன் விளைவு கண்கூடு. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ தனி அதிகாரம். ஒற்று, வேவு, உளவு, துப்பு எனத் தமிழில் இத்துறைக்குப் பழஞ்சொற்கள் பல. வெகுசனக் கதையோ சி.ஐ.டி., ரகசிய போலீஸ், ஏஜெண்ட், உளவாளி எனப் பல சொற்களைக் கலந்து புழங்கியது. இந்தியாவில் குற்றப் புலனாய்வுத் துறையைக் குறிக்கும் சி.ஐ.டி. என்னும் சுருக்கம், லாரன்ஸ்–டேவிட் போன்ற அயல்நாட்டு நாயகருக்கும் பட்டமாயிற்று. இச்சொற்களில் எது எப்போது மேலோங்கியது என்பதை ஆராய விரும்புவோர் மறுபதிப்பைச் சான்றாகக் கொண்டால் தவறுவர். பதிப்பாசிரியர் பழைய சொல்லைப் புதுக்கியிருக்கலாம். 1972இன் மொழி என்று கருதி 2015இன் மொழியைத் தரவுத்தொகுப்பில் சேர்க்கும் இடர் இது. தரவு எத்தனை இலட்சம் சொற்களாக விரிந்தாலும் இப்பிழை அதனால் நீங்காது.

நிறுவனங்கள் என்ன செய்தன? 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் சென்னைக் கன்னிமாரா நூலகத்தையும் படி பெறும் நூலகங்களுள் ஒன்றாக்கியது. 1956இன் திருத்தம் இதழ்களையும் அதில் சேர்த்தது. ஆயினும் படக்கதையைப் பெறுவதும், பட்டியலிடுவதும், பாதுகாப்பதும் வெவ்வேறு செயல்கள். தமிழ் வெகுசன அச்சைப் பேணிய பெருமை பெரிதும் ஒரு தனிமனிதரைச் சாரும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நாவல், நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிறுத்தியது. ஏறத்தாழ ஒரு இலட்சம் அச்சுப்பொருள்களைக் கொண்டு 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் உருவாயிற்று. ஆரணியாரையும் வடுவூராரையும் இன்று ஆய்வுலகம் மதிப்போடு பேசுவதற்கு ஒரு காரணம், அவர்களது படிகளைப் பொறுக்கிச் சேர்க்க ஒருவர் இருந்தார் என்பதே. உளவுப் படக்கதையின் ரோஜா முத்தையாக்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றனர். அவர்கள் அறிவு ஒருங்கே எழுதப்படவில்லை.

அழிவின் வேகமும் கருதத் தக்கது. 1985 மே மாதம் சென்னை மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தபோது, நகரின் பழம்புத்தக வணிகத்தின் பெருமையமே அழிந்தது. அது ஒருநாள் நிகழ்வு. ஈரமும் கரையானும் நாள்தோறும் செய்வது அதனினும் பெரிது. தமிழ் இதழ்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் படிக்கப்பட்டவையல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலை அடிவாரத்திலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தலைமுறைகளுக்கு முன் மலைகடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்ந்தன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறிப் பொழியும் அச்சரிவுகளில், மலிவான செய்தித்தாளில் அச்சான ஒரு கதை இதழ் எத்தனை ஆண்டு தாங்கும்? தேயிலைத் தொழிற்சாலை முடங்கிக் குடும்பங்கள் இடம்பெயரும்போது மூட்டையில் முதலில் இடம்பெறுவது பழைய இதழாக இருக்க முடியாது. சங்கர்லாலின் கோப்பைக்குத் தேயிலை பறித்தவர்கள் சங்கர்லாலைப் படித்தார்களா என்ற வினாவுக்குச் சான்று, அத்தகைய குடியிருப்புகளிலிருந்து ஒரு பெயரோ முத்திரையோ கையெழுத்தோ தாங்கிவரும் படியாகத்தான் இருக்க முடியும். அப்படி பழைய தாள் கடைக்குப் போய்விட்டால், எல்லைகடந்த தமிழ் வாசிப்பின் வரலாறு சென்னையின் வரலாறாகவே எழுதப்படும்.

அண்டை மொழியின் நிலையும் இதை ஒத்ததே. மலையாளத்தில் பள்ளி வரலாற்று ஆசிரியராயிருந்த கோட்டயம் புஷ்பநாத் (1938–2018), அயல்நாட்டு வழக்குகளுக்கு மார்க்சின், உள்நாட்டு வழக்குகளுக்கு புஷ்பராஜ் என இரு துப்பறிவாளரைப் படைத்து வார இதழ்களில் எழுதிக் குவித்தார். அவர் நாவல்கள் தமிழுக்கும் வந்தன. அவற்றின் முதல் வடிவமும் வார இதழே. தமிழ், மலையாள வெகுசனக் கதைகளின் கொடுக்கல் வாங்கலை ஆராய முற்படுவோர் இரு மொழிகளிலும் ஒரே தடையை எதிர்கொள்வர்.

சேகரிப்பின்மீது நியாயமான குறைகூறல்களும் உண்டு. விலையை ஏற்றிப் பதுக்குவது, இளமை நினைவை வரலாறென்று மயங்குவது, முழுமையான படியை மட்டும் மதித்துக் கிழிந்ததைத் தள்ளுவது ஆகியவை அவற்றுள் சில. கடைசியாகச் சொன்னது ஆய்வாளரை நேரடியாகப் பாதிக்கும். சேகரிப்பாளர் குறையென்று கருதும் பேனா எழுத்து, வாடகை நூலக முத்திரை, ஒட்டுப்போட்ட அட்டை ஆகியனவே வாசிப்பு வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். மின்படி எடுத்துவிட்டால் போதும் என்போரும் உண்டு. கதைப் பக்கங்களை மட்டும் வருடி, விளம்பரத்தையும் கடிதப் பகுதியையும் அட்டையின் பின்புறத்தையும் விட்டுவிடும் மின்படி, காலத்தை அறிய உதவும் சான்றுகளையே களைந்துவிடுகிறது.

வேண்டுவது பெருநிதி கொண்ட திட்டமன்று. இதழின் பெயர், வெளியீட்டு எண், அட்டை விலை, பக்க அளவு, அச்சக வரி, அடுத்த வெளியீட்டு அறிவிப்பு, எழுத்து வடிவம், மூலக்கதை, படியில் காணும் பெயரும் முத்திரையும் ஆகிய ஒன்பது விவரங்களைக் கொண்ட ஒரு பட்டியல் போதும். சேகரிப்பாளர் தம் அலமாரியை விட்டு எதையும் பிரிய வேண்டியதில்லை. இவ்விவரங்களை எழுதித் தந்தால் போதுமானது. தமிழ்த்துறை மாணவர் ஒருவர் ஒரு தொகுப்பைப் பட்டியலிடுவது இளமுனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று. 1972இல் முதல் மாயாவியை வாங்கிய சிறுவர் இன்று அறுபது வயதைக் கடந்திருப்பர். எந்த இதழ் முதலில் வந்தது, எது மறுபதிப்பு என்று நேரில் கண்டு சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்களே.